கற்பதும் கையில் எடுப்பதும்: இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியில் தொடங்கி மூக்கையூர் வரை இந்தக் கரையில் மீனவர் சங்கக் கூட்டம், மகளிர் குழுக் கூட்டம், மாலை வகுப்பு என்று எங்கே பேசப் போனாலும், பேச்சு முடிந்ததும் சிலர் எழுந்து நின்று கேள்வி கேட்பார்கள். பலர் எழமாட்டார்கள், வாசலில் செருப்பைத் தேடும்போது பக்கத்தில் வந்து மெல்லக் கேட்பார்கள். சங்கடமான கேள்விகளெல்லாம் இரண்டாவது வகையில்தான் வரும். இரண்டையும் கலந்து இங்கே தந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. “வாழ்நாள் முழுக்கக் கற்றல்” என்பதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். வத்தை என்ற சிறு மரப்படகில் பாய் விரித்துப் போனவரின் மகன் இன்று அவுட்போர்டு எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறார். பருத்தி வலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நைலானுக்கு மாறினார்கள். நட்சத்திரம் பார்த்துக் கரை திரும்பியவர்கள் ஜி.பி.எஸ். பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் யாரும் சான்றிதழ் தரவில்லை, வகுப்பும் வைக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவை எல்லாமே தொழில் நெருக்கியதால் கற்றவை. பக்கத்துப் படகு எஞ்சின் போட்டுவிட்டது, நாமும் போட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தில் வந்தவை. கட்டாயம் வருவதற்கு முன்பே நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கற்றால், கற்றதை அந்த வாரமே சிறிய அளவில் செய்து பார்த்தால், பேரம் பேசும் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவது இவ்வளவுதான், மற்றவை விவரங்கள்.

வெற்றி என்று எதைச் சொல்கிறீர்கள்? மாடி வீடா, காரா?

கட்டிக்கொள்ளுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. என் அளவுகோல் வேறு. நாட்டுப்படகுக்காரர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி வலை எடுக்கிறார். அன்றிலிருந்து அவர் பிடிக்கும் நண்டையும் கணவாயையும் அந்த வியாபாரிக்கே கொடுக்க வேண்டும். விலையை அவரே சொல்வார். கடன் எவ்வளவு தீர்ந்தது, எவ்வளவு பாக்கி என்பது வியாபாரியின் நோட்டில்தான் இருக்கும். கொடுத்தவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் தன் கடன் எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ளவே ஒருவர் இன்னொருவரைக் கேட்க வேண்டியிருந்தால், அவருடைய மாடி வீட்டைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. தன் பொருளுக்குத் தானே விலை சொல்லும் நிலைக்கு வந்தவரை நான் வென்றவர் என்பேன், ஓட்டு வீட்டில் இருந்தாலும்.

அப்படியானால் முதலில் எதைக் கற்க வேண்டும்?

கணக்கு. பள்ளிக்கூடத்துக் கணக்கு அல்ல, உங்கள் தொழிலின் கணக்கு. ஆங்கிலம், கணினி எல்லாம் பிறகு.

ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துப் பக்கத்தின் குறுக்கே இவற்றை எழுதுங்கள்: தேதி, என்ன காற்று, வடகடலா (பாக் நீரிணை) தென்கடலா (மன்னார் வளைகுடா), டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு, எந்த வலை, என்ன மீன், எத்தனை கிலோ, கிலோ என்ன விலைக்குப் போனது, முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, ஆளுக்கு என்ன பங்கு வந்தது. ஒரு நடைக்கு ஒரு வரி. கரைக்கு வந்து, மீன் எடை போட்டு, டீ குடிக்கும் நேரத்தில் எழுதிவிட வேண்டும். இரவு எழுதலாம் என்று வைத்தால் இரவில் தூக்கம்தான் வரும்.

ஒரு பருவம் எழுதிய பிறகு அந்தப் பக்கங்களைப் புரட்டுங்கள். நல்ல வருமானம் என்று நீங்கள் நினைத்திருந்த வலை, கிழிசல் தைக்கவும் புது வலை வாங்கவும் ஆன செலவைக் கழித்தால் ஒன்றும் மிஞ்சாத வலையாக இருக்கலாம். கச்சான் என்ற மேல்காற்று வீசிய நாட்களில் போனது டீசலுக்கே சரியாகப் போயிருக்கலாம். எந்த நாட்களில் வலையை இறக்காமல் வீட்டில் இருந்தாலே லாபம் என்பதும் தெரியும். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லித்தர முடியாது, ஏனென்றால் இது உங்கள் படகைப் பற்றிய பாடம். மீன் விலை கேட்கப் போகும்போது அந்த நோட்டு கையில் இருந்தால் பேச்சின் தொனியே மாறும்.

கருவாடு விற்பவர்களுக்கும், பனைத் தொழிலில் இருப்பவர்களுக்கும், குண்டு மிளகாய் போடுபவர்களுக்கும் இதே பதில்தான். பத்திகளின் தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே?

இப்போதைக்கு மகளோ மகனோ எழுதட்டும், நீங்கள் சொல்லுங்கள். எழுதிய பிறகு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அதை விட்டுவிடாதீர்கள். கூடவே, 15 வயதுக்கு மேற்பட்ட எழுத்தறிவு இல்லாதவர்களுக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் வகுப்புகள் உள்ளூர்ப் பள்ளிகளில் தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தப்படுகின்றன. உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பெயரெழுதக் கற்றுக் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிட வேண்டாம். எண்களையும் தேதியையும் படிக்கும் வரை போங்கள். ஏமாற்றுபவர்கள் எல்லாம் எண்களில்தான் ஏமாற்றுகிறார்கள்.

யூடியூபில் நிறையப் பார்க்கிறேன், வாட்ஸ்அப் குழுக்களிலும் இருக்கிறேன். விவரம் எல்லாம் தெரிகிறது, வாழ்க்கையில் எதுவும் மாறவில்லை. ஏன்?

பார்ப்பது சுகமாக இருக்கிறது, அதனால்தான். கூண்டில் மீன் வளர்ப்பதை ஒருவர் காட்டுகிறார். பத்து நிமிடத்தில் குஞ்சு விட்டு, தீவனம் போட்டு, கொடுவாயை அள்ளிவிடுகிறார். பார்த்து முடித்ததும் நாமே அள்ளியதுபோல ஒரு நிறைவு வந்துவிடுகிறது. அந்த நிறைவுதான் கெடுதல். கை எதையும் தொடவில்லை, மனம் மட்டும் வேலை முடிந்துவிட்டது என்று படுத்துக்கொள்கிறது.

ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தைப் பற்றி மூன்று காணொளிக்கு மேல் பார்ப்பதாக இருந்தால், நான்காவதற்கு முன் அந்தத் தொழிலில் இருக்கும் ஓர் ஆளை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நேரில் போனால்தான் தீவனம் என்ன விலை, குஞ்சு எத்தனை செத்தது, யார் வாங்குகிறார்கள், எத்தனை நாளில் பணம் தருகிறார்கள் என்பதெல்லாம் தெரியும். காணொளியில் செத்த குஞ்சைக் காட்டமாட்டார்கள். கண் பார்த்தால் கை செய்யும் என்று சும்மாவா சொன்னார்கள்? பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்க வேண்டும்.

நேரம் எங்கே இருக்கிறது?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலில் இறங்காது. பாக் நீரிணைப் பக்கத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு என்று முறை இருக்கிறது. வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் எந்தப் படகும் போகாது. ஆக, இந்தக் கரையின் ஆண்கள் நேரமில்லை என்று சொன்னால் நான் நம்புவதற்குக் கொஞ்சம் யோசிப்பேன். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பதும் வண்ணம் அடிப்பதும் உண்டுதான். ஆனால் 61 நாளும் அதற்கே போவதில்லை என்பது ஆலமரத்தடிச் சீட்டாட்டத்தைப் பார்த்தாலே தெரியும்.

பெண்களின் கதை வேறு. அவர்களுக்கு மெய்யாகவே நேரமில்லை. தண்ணீர் பிடிப்பது, சமையல், கருவாடு காயப்போடுவது, பிள்ளைகள், குழுக் கடனுக்கு வாரத் தவணை. அவர்களுக்கு நேரம் கிடைக்க வேண்டுமானால் வீட்டில் வேறொருவர் ஒரு வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். “நீயும் படி” என்று வாயால் சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொள்வது ஊக்கப்படுத்துவது ஆகாது.

கடற்பாசி வளர்ப்பில் நல்ல பணம் என்கிறார்கள். பயிற்சி எடுத்தால் போதுமா?

போதாது. பயிற்சி எடுக்காமல் இறங்கினாலோ முதலுக்கே மோசம். இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் கற்பதற்கும் செய்வதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது இதில் நன்றாகத் தெரிகிறது.

தீவுகளை ஒட்டி மூழ்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்ற கடற்பாசிகளை எடுப்பது இங்கே பெண்களின் பழைய தொழில். வளர்ப்பு என்பது 2000-க்குப் பிறகு பரவியது. வளர்ப்பது கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி. அதிலிருந்து எடுக்கும் கேரஜீனன் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கெட்டித்தன்மைக்குச் சேர்கிறது. மூங்கிலில் 12 அடிக்கு 12 அடி மிதவை கட்டி, கயிறுகளில் விதைப்பாசித் துண்டுகளை முடிந்து, கரையோரம் நங்கூரம் போட்டு விடுவார்கள். ஒரு மிதவைக்கு 60 கிலோ விதை. 45 நாளில் அறுவடை. மண்டபத்தில் மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கில் சராசரி விளைச்சல் 260 கிலோ.

இங்கேதான் பலர் கால்குலேட்டரை எடுத்துவிடுகிறார்கள். 260 கிலோவைக் காய்ந்த பாசியின் விலையால் பெருக்கி, அதைப் பத்து மிதவையால் பெருக்கி, இரவே பணக்காரர் ஆகிவிடுகிறார்கள். பொறுங்கள். 260-இல் 60 அடுத்த சுற்றுக்கு விதையாகப் போக வேண்டும். மீதி 200 கிலோவும் ஈரப்பாசி. காய்ந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நிற்கும்: 20 கிலோ. காய்ந்த பாசியின் விலையை இந்த இருபதால் பெருக்குங்கள். மூங்கில், கயிறு, வலை, நங்கூரம், ஆள் கூலி எல்லாவற்றையும் அதிலிருந்து கழியுங்கள். அப்போதும் லாபம் உண்டு. ஆனால் அது நேற்றிரவு பார்த்த லாபம் அல்ல.

பயிற்சியில் இதுவரை சொல்லித்தருவார்கள். மீதியைக் கடல் சொல்லித்தரும். ஓரா மீன் வந்து தளிரைக் கடிக்கும். அதற்காகத்தான் மிதவையின் அடியில் வலை கட்டுகிறார்கள். அந்த வலையில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று நீங்கள்தான் குனிந்து பார்க்க வேண்டும். மேலே அழுக்குப் படிந்தால் உதறிவிட வேண்டும். தண்ணீர் சூடேறினால் நுனி வெளுத்து, கையில் பிடித்தால் முறிந்து விழும். 2013-14-இல் அப்படி இந்தக் கரையில் பாசி பெருமளவில் அழிந்து, பல குடும்பங்கள் தொழிலையே விட்டன.

அதனால் அகலக்கால் வைக்காதீர்கள். ஏற்கெனவே வளர்க்கும் ஒரு குழுவோடு ஒரு சுற்று சும்மா வேலை செய்யுங்கள். பிறகு சொந்தமாக ஒரே ஒரு மிதவை. 45 நாளும் காலையில் பார்த்து எழுதுங்கள்: தண்ணீர் தெளிவா கலங்கலா, எந்த ஓரத்தில் வளர்ச்சி கூடுதல், எங்கே கடிபட்டது. அந்த ஒன்று போனாலும் குடும்பம் தாங்கும். இரண்டாவது சுற்றில் இரண்டோ மூன்றோ போடலாம்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டே இறங்க வேண்டும். இந்தப் பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா 1986 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. எந்த இடத்தில் வளர்க்க அனுமதி உண்டு என்று மீன்வளத் துறையில் கேட்காமல் மூங்கில் வாங்காதீர்கள். தொண்டி அருகே வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கே என்ன நடக்கிறது என்பதையும் விசாரித்துவையுங்கள். மானியம் என்றால் 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று வகுத்திருந்தார்கள். நீங்கள் போகும் நாளில் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று முதலில் கேளுங்கள். மானியம் வருகிறது என்பதற்காக மட்டும் ஒரு தொழிலைத் தொடங்குவது ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

முயற்சி செய்து தோற்றுவிட்டால்?

இந்தக் கரையில் அப்துல் கலாம் பெயரைச் சொல்லாமல் எந்தக் கூட்டமும் முடிவதில்லை. பெரும்பாலும் கனவு காணச் சொன்னதோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் வேறு இரண்டு சம்பவங்களைச் சொல்வேன்.

படித்து முடித்ததும் அவர் விமானப் படைக்கு விண்ணப்பித்தார். டேராடூனில் தேர்வு, 25 பேரில் ஒன்பதாவதாக வந்தார், எடுத்ததோ எட்டுப் பேரை. பலரும் அறிந்த கதை. பலரும் கவனிக்காதது, அதே சமயத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கும் அவர் விண்ணப்பித்து, டெல்லியில் நேர்காணல் முடித்துவிட்டுத்தான் டேராடூன் போனார் என்பது. விமானி ஆகும் கதவு மூடியபோது இன்னொரு கதவை ஏற்கெனவே தட்டி வைத்திருந்தார். அங்கேதான் வேலை கிடைத்தது.

இரண்டாவது, 1979 ஆகஸ்ட் 10. அவர் பொறுப்பில் ஏவிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்திருந்தது தெரிந்தது. 1980 ஜூலை 18-இல் அடுத்தது ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. இடையில் பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதத்தில் செய்தது எது கசிந்தது என்று தேடிச் சரிசெய்ததுதான். “என் நேரம் சரியில்லை” என்று சொன்னால் கசிந்த இடம் கடைசிவரை தெரியாது.

உங்கள் கருவாட்டு வியாபாரம் படுத்துவிட்டதா? உப்பு குறைந்ததா, மழையில் நனைந்ததா, கடன் கொடுத்த கடைக்காரர் பணம் தரவில்லையா? மூன்றும் மூன்று வேறு பாடங்கள். எது என்று தெரியாமல் திரும்பவும் ஆரம்பித்தால் திரும்பவும் அங்கேயே போய் நிற்பீர்கள்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

பழமொழியை விடுங்கள், சந்தைக்குப் போங்கள். ஐம்பதைத் தாண்டிய மீன்கார அக்காக்கள் கூடைக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டையை வைத்துக்கொண்டு, பணம் வந்ததைப் பெட்டி வாய்விட்டுச் சொல்லும்வரை மீனைக் கையில் கொடுப்பதில்லை. அவர்களுக்கு யார் வகுப்பு எடுத்தது?

வயதானவர்கள் படிக்க உட்கார்ந்ததும் பாதியில் எழுந்து போவதற்கு நான் அதிகம் காணும் காரணம் மிகச் சாதாரணமானது: வெள்ளெழுத்து. நாற்பதுக்கு மேல் அருகில் இருக்கும் எழுத்து மங்கும். அதை மறைத்துக்கொண்டு “மண்டையில் ஏறவில்லை” என்கிறார்கள். முதலில் கண்ணைச் சோதித்து ஒரு கண்ணாடி வாங்குங்கள், பிறகு மண்டையைப் பற்றிப் பேசலாம்.

எங்கள் அப்பா காற்றைப் பார்த்தே சொல்லிவிடுவார். பிறகு எதற்கு இந்தச் செயலிகள் எல்லாம்?

இரண்டும் வேண்டும். ஒன்று தெரியாததை மற்றது சொல்லும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நுண்பாசியின் பச்சையத்தையும் பார்த்து, எந்தத் திசையில் எத்தனை கிலோமீட்டரில் மீன் கூடக்கூடும் என்று அறிவிக்கிறது. ஆனால் மேகம் மூடிய நாளில் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. அந்த இடத்தில் அடியில் பார் (பாறைத் திட்டு) இருக்கிறதா, வலை சிக்குமா என்பதும் அதற்குத் தெரியாது. உங்கள் அப்பாவுக்குத் தெரியும். தென்காற்றான சோழகம் எப்போது விழும், கீழ்காற்றான கொண்டல் வந்தால் எந்த மீன் கரையேறும் என்பதும் தெரியும். ஆனால் அந்தமான் பக்கம் நேற்று உருவான தாழ்வு நிலை அவர் கண்ணுக்கு எட்டாது.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1-ஆம் எண் என்றால் தொலைவில் உருவாகியிருக்கிறது என்று பொருள். 10 என்றால் பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. எண் ஏறிய செய்தியைப் பகிரும் இளைஞர்களில் எண்ணின் பொருள் தெரிந்தவர்கள் குறைவு. பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியைக் கேட்டாலே இந்த வகை விவரங்கள் பேச்சுவழக்கில் காதில் விழும்; வலை தைத்துக்கொண்டே கேட்கலாம்.

ஜி.பி.எஸ். விஷயத்திலும் இதுதான். சேமித்துவைத்த புள்ளிக்கு ஓட்டிப் போகத் தெரிகிறது; திரையில் ஓடும் பாகையையும் (டிகிரி) கலையையும் (நிமிடம்) படிக்கத் தெரியவில்லை. இலங்கையோடு செய்த 1974, 1976 உடன்பாடுகளில் வரைந்த எல்லைக் கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இந்தக் கடலில் அது சின்னக் குறை அல்ல. ஒரு சாயங்காலத்தில் கற்றுவிடலாம். அப்பாவிடம் காற்றைக் கற்றுக்கொள்ளுங்கள், அவருக்கு இதைக் கற்றுக்கொடுங்கள்.

நான் பெண். வெளியே வகுப்புக்குப் போனால் ஊர் பேசுகிறது.

பேசும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தனியாகப் போகாதீர்கள், நான்கு பேராகப் போங்கள். நான்கு பேரைப் பற்றிப் பேச ஊருக்கு அலுத்துவிடும்.

பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி சிறு வயதிலிருந்தே பாசி எடுத்தவர். பாசி எடுக்கும் பெண்களை ஒன்று சேர்த்ததற்காகவும், கடலைக் காக்கும் விதத்தில் பாசி எடுப்பதை முறைப்படுத்தியதற்காகவும் அவருக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. இந்தப் பெண்கள் மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தங்களுக்குள் முடிவு செய்து நடந்தார்கள். எடுக்காத நாளில் பாசி வளரும் என்பது அவர்கள் தண்ணீருக்குள் கண்டது. கண்டதைக் கூட்டம் போட்டுப் பேசி, விதியாக்கி, வருமானம் குறையும் என்று தெரிந்தும் கடைப்பிடித்தார்கள். கற்பதும் செய்வதும் சேர்வது என்பதற்கு இந்தக் கரையில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பத்தாம் வகுப்பில் தோற்று நின்றுவிட்டேன். இப்போது எழுத முடியுமா?

முடியும். தனித்தேர்வராக அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தேர்வை எழுதலாம். மேல் வயது வரம்பு இல்லை. அல்லது தேசிய திறந்தநிலைப் பள்ளியில் சேரலாம். அங்கே ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டு செல்லும், பாடங்களை ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். கடலுக்குப் போகிறவர்களுக்கு இது வசதி. பட்டப் படிப்புக்கு 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எந்தத் துணைக் கல்வி நிலையத்திலும் பணம் கட்டுவதற்கு முன், அந்தச் சான்றிதழ் அரசு வேலைக்குச் செல்லுமா என்று மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சபுராளியாக (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவராக) வளைகுடா நாட்டில் பல வருடம் இருந்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே என்ன செய்வது?

கீழக்கரையிலும் தொண்டியிலும் இந்தக் கேள்வி வராத நாளில்லை. குளிர்சாதன வேலை, மின்வேலை, கனரக வாகனம் என்று கை நிறையத் தொழில் தெரிந்து வருகிறார்கள். அதற்கு ஒரு துண்டுத் தாள் ஆதாரம் இருக்காது. ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் உண்டு. முன்கற்றலுக்கான அங்கீகாரம் என்பார்கள். இன்னும் அங்கேயே இருப்பவர்கள் கடைசி ஆண்டில் அனுபவச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வாருங்கள். வந்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். கையிலுள்ள சேமிப்பு முழுவதையும் வீட்டிலும் கல்யாணத்திலும் கொட்டிவிட்டு, தொழில் தொடங்க வட்டிக்கு வாங்குவது நம் ஊரின் நீண்டகால வழக்கம். அந்த வரிசையை மாற்றுங்கள். கருவிகளை முதலில் வாங்குங்கள்.

பத்தாயிரம் ரூபாய் கட்டினால் மூன்று நாளில் வாழ்க்கையை மாற்றித் தருகிறோம் என்று ஒரு வகுப்பு. சேரலாமா?

வேண்டாம்.

ஊரை விட்டுப் போனவர்கள்தானே முன்னேறியிருக்கிறார்கள்?

போனவர்களில் முன்னேறியவர்கள் திருவிழாவுக்கு வருகிறார்கள், முன்னேறாதவர்கள் வருவதில்லை. அதனால் அப்படித் தெரிகிறது. போவதும் தவறில்லை, இருப்பதும் தவறில்லை. இங்கேயே இருப்பதாக இருந்தால், உங்கள் வாசலில் இருக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களின் படியை ஒருமுறையாவது மிதியுங்கள். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகமே ஆரம்ப காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது. பிறகுதான் கொச்சிக்குப் போனது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. வெளிமாநிலத்து மாணவர்கள் நம் கரையைப் படிக்க ரயிலேறி வருகிறார்கள்.

கையில் பணமில்லை. செலவில்லாமல் எங்கே கற்கலாம், யாரைப் போய்ப் பார்ப்பது?

பாசி, கூண்டு மீன், நண்டு என்றால் மண்டபத்து ஆராய்ச்சி மையமும் மீன்வளத் துறை அலுவலகமும். மிளகாய், பனை, தோட்டம் என்றால் இராமநாதபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம். நம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, அதைப் பையில் போட்டு விற்பவர்களுக்கு என்ன பயன் என்று அங்கே கேளுங்கள். தையல், கைபேசி பழுது, மின்வேலை போன்றவற்றுக்கு வங்கியின் பொறுப்பில் மாவட்டத்தில் நடக்கும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். பயிற்சியும் சாப்பாடும் இலவசம். படிக்க அமைதியான இடம் வேண்டுமென்றால் ஊர்க் கிளை நூலகம், இல்லையேல் இராமநாதபுரம் மாவட்ட மைய நூலகம்.

அலுவலகங்களுக்குக் காலையிலேயே போங்கள். மதியத்துக்கு மேல் போனால் “சார் ஃபீல்டுக்குப் போயிருக்கிறார்” என்ற பதில்தான் கிடைக்கும். ஆதார், வங்கிப் புத்தகம், மீனவர் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல் இரண்டிரண்டு, புகைப்படம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பயிற்சி எப்போது என்று கேட்டு, பெயரைப் பதிந்து, பதிந்தவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொண்டு திரும்புங்கள். பத்து நாளில் அழைப்பு வராவிட்டால் நீங்களே கூப்பிடுங்கள்.